கழுத்து வலியும் வலுப்பயிற்சியும்



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கழுத்து வலி. தலையணை சரியில்லாமல் படுத்து எழுந்ததால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் தானே விட்டுப்போகிற வலியைப் பற்றி நாம் பேசவில்லை. மூன்று மாதம் கடந்தும் போகாமல், காலையில் பெரட்டுக்குப் போகும்போதும் கூடவே வந்து, இரவில் படுக்கும்போதும் கூடவே படுத்துக்கொள்கிற வலி ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதனை நாட்பட்ட வலி என்று சொல்கிறார்கள். அந்த வலிக்கு மருந்தும் தைலமும் மட்டும் போதுமா, அல்லது நம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய வைத்தியம் ஏதேனும் உண்டா என்பதை இன்று பார்ப்போம்.

இந்த வலி நம் மக்களுக்குப் புதியதன்று. பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் கோத்துத் தோளில் சுமந்து நடந்த நம் தாத்தா பாட்டிகளின் தோளில் காய்ப்பு இருந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தபோது சுமை வேறு உருவம் எடுத்தது. உயர்ந்து வளர்ந்த செம்பனையில் குலை அறுப்பவரைக் கவனித்துப் பாருங்கள். நீண்ட கம்பத்தின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை மரத்தின் உச்சியில் வைத்து, இரண்டு கைகளாலும் கம்பத்தை இழுக்கிறார். ஒரு மரத்தில் சில நிமிடம். பிறகு அடுத்த மரம். அவர் பின்னாலேயே உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மாவோ, அதற்கு நேர்மாறாகத் தலையைத் தொங்கவிட்டபடியே பல மணி நேரம் குனிந்திருக்கிறார். ஒருவருக்குக் கழுத்து பின்னால் வளைகிறது. மற்றவருக்கு முன்னால் வளைகிறது. மாலையில் இருவரும் தேடுவது ஒரே தைலப் புட்டியைத்தான்.

வலி நீடிக்கும்போது பலரும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். முதலாவது, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது. எடைக்கும் குலைக்கும் கூலி என்றிருக்கிற இடத்தில் வலியை வெளியில் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் நமக்குப் புரிகிறது. இரண்டாவது, எம்.சி. எடுத்துக்கொண்டு, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, அசையாமல் படுத்திருப்பது. மூன்றாவது, சுளுக்கு எடுப்பவரிடமோ முடிவெட்டும் கடையிலோ கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்வது. இந்த மூன்றும் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரலாம். ஆனால் கழுத்தைத் தாங்குகிற தசைக்கு இவற்றில் எதுவும் பலம் சேர்ப்பதில்லை. நெட்டி முறிப்பதிலோ ஆபத்தும் இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்து எலும்புகளின் ஊடாகவே செல்கின்றன. முரட்டுத்தனமாகத் திருப்பினால் அவை காயப்பட நேரலாம். அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

நான்காவது வழி ஒன்று உண்டு. அதுதான் வலுப்பயிற்சி. வலிக்கிற கழுத்துக்கும் தோளுக்கும் அளவோடு சுமை கொடுத்து, அந்தச் சுமையை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போவது.

இதைச் சொன்னவுடன் நேயர்கள் என்ன கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். "என்ன சார், நாள் பூராவும் சுமை தூக்கித்தானே கழுத்து வலிக்குது, வீட்டுக்கு வந்து இன்னும் சுமை தூக்கச் சொல்றீங்களே!" என்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குச் சரியான விடை கிடைத்தால்தான் இன்றைய பேச்சுக்குப் பொருள் உண்டு.

முதலில் கழுத்தின் அமைப்பைப் பார்ப்போம். கழுத்தில் இருப்பவை ஏழு எலும்புகள். அவற்றின் மேல் அமர்ந்திருக்கிற நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கடையில் வாங்குகிற 5 கிலோ அரிசிப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் பாரம் தெரிவதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் கை நடுங்குகிறது. தலையும் அப்படித்தான். நிமிர்ந்திருக்கும்போது எலும்பே பெரும்பகுதிப் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. குனியும்போது பின்பக்கத் தசைகள்தாம் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தசைகளுள் பெரியது, பின்னந்தலையில் தொடங்கி இரு தோள்களுக்கும் விரிந்து, நடு முதுகு வரை இறங்குகிறது. விரித்துப் பார்த்தால் பிள்ளைகள் விடுகிற பட்டத்தைப் போலிருக்கும். பாடநூல்களில் இதற்குச் சரிவகத் தசை என்று பெயர். தோளில் கை வைத்து அமுக்கினால் "ஐயோ, அங்கேதான்" என்று நாம் சொல்கிற இடம் இந்தத் தசையில்தான் இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். வேலைச் சுமைக்கும் பயிற்சிச் சுமைக்கும் என்ன வேறுபாடு?

வேலை செய்யும்போது தசை பல நிமிடம் இறுகியபடியே நிற்கிறது. தண்ணீர்க் குழாயை மிதித்துக்கொண்டால் தண்ணீர் வருவது குறைவதைப்போல, இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. பயிற்சியிலோ தசை சுருங்குகிறது, விரிகிறது, மீண்டும் சுருங்குகிறது. இரத்தம் நன்றாகப் பாய்கிறது. இது முதல் வேறுபாடு.

வேலையில் சுமையின் அளவை நாம் தீர்மானிப்பதில்லை. மரத்தின் உயரமும் குலையின் எடையும் தீர்மானிக்கின்றன. நேற்று வலித்ததே, இன்று பாதி எடையுள்ள குலையாக இருக்கட்டும் என்று செம்பனையிடம் கேட்க முடியுமா? பயிற்சியில் அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்பது நம் கையில் இருக்கிறது. இது இரண்டாவது.

வேலைக்குப் பின் மறுநாளும் வேலை. பயிற்சிக்குப் பின் மறுநாள் ஓய்வு. தசை வலுவடைவது அந்த ஓய்வில்தான். இது மூன்றாவது வேறுபாடு.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒருவருடைய தசை முழுப் பலத்தையும் கூட்டி 10 கிலோ இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வேலைக்கு ஒவ்வொரு முறையும் 5 கிலோ இழுக்க வேண்டும். அப்படியானால் அவர் தம் பலத்தில் பாதியை நாள் முழுவதும் செலவழிக்கிறார். பயிற்சியினால் அந்தத் தசையின் பலம் 15 கிலோவாக உயர்ந்தால், அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். மரம் குட்டையாகவில்லை, குலை இளைக்கவில்லை. இருந்தும் வேலை இலகுவாகிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பின்னக் கணக்குத்தான் இது.

இது வெறும் கணக்கு மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். பின்லாந்து நாட்டில் நாட்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஓராண்டுக் காலம் கவனித்தார்கள். 2003-ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. முதற்குழுவினர் ரப்பர் நாடாவைத் தலையில் மாட்டிக் கழுத்துக்கு நல்ல பாரம் கொடுத்தும், கைகளால் எடை தூக்கியும் வாரத்துக்கு மூன்று முறை பயிற்சி செய்தார்கள். இரண்டாம் குழுவினர் படுத்தபடி தலையை மட்டும் தூக்கி இறக்கி, கைக்கு இலேசான எடையைப் பயன்படுத்தினார்கள். மூன்றாம் குழுவினருக்குத் தசையை நீட்டி இழுக்கும் பயிற்சியும் நடை போன்ற பொதுவான உடற்பயிற்சியும் சொல்லப்பட்டன. ஓராண்டு முடிவில் வலி பெருமளவு குறைந்தது அல்லது முற்றிலும் நீங்கியது என்று சொன்னவர்கள் முதற்குழுவில் நூற்றுக்கு 73 பேர். இரண்டாம் குழுவில் நூற்றுக்கு 59 பேர். மூன்றாம் குழுவில் நூற்றுக்கு 21 பேர் மட்டுமே.

அந்தப் பெண்கள் அலுவலகத்தில் வேலை செய்தவர்கள். தோட்ட வேலை செய்தவர்கள் அல்லர். ஆகவே அந்த எண்கள் நமக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தசை பலம் பெறுகிற முறை அலுவலகத்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று இல்லை. பலமான பயிற்சியோ இலேசான பயிற்சியோ, தசைக்கு வேலை கொடுத்த இரண்டு குழுவினருமே மூன்றாம் குழுவினரைவிட நன்றாகத் தேறினார்கள் என்பதை நாம் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

"பயிற்சி செய்ய நேரம் ஏது?" என்கிற தாய்மார்களுக்கு இன்னொரு செய்தி. டென்மார்க் நாட்டில் 198 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2011-இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவினர் ரப்பர்க் குழாயைப் பிடித்து இழுக்கும் ஒரே ஒரு பயிற்சியை நாளுக்கு 2 நிமிடம், வாரத்தில் 5 நாள் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் 12 நிமிடம் செய்தார்கள். பத்து வாரத்தில் இரு பிரிவினருக்குமே கழுத்து, தோள் வலி குறைந்தது. உலையில் அரிசி கொதிக்கிற நேரத்தில் 2 நிமிடம் கிடைக்காமலா போய்விடும்? நேயர்களே, இவ்வகைப் பயிற்சி நாடாக்களில் இயற்கை ரப்பர்ப் பாலிலிருந்தே செய்யப்படுவன உண்டு. நம் முன்னோர் கழுத்தும் தோளும் நோக இறக்கிய அதே பால், இன்று கழுத்து வலிக்கு மருந்தாகி வந்து நிற்கிறது!

இனி, வீட்டில் செய்யக்கூடிய நான்கு பயிற்சிகளைச் சொல்கிறோம். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

முதற்பயிற்சி, கைக்கு எதிராகத் தலை. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். உள்ளங்கையை நெற்றியில் வையுங்கள். தலை கையைத் தள்ளட்டும், கை தலையைத் தடுக்கட்டும். தலை அசையக்கூடாது. ஐந்து எண்ணும் வரை தள்ளிவிட்டு விடுங்கள். இதேபோலப் பின்னந்தலை, வலப்பக்கம், இடப்பக்கம் என்று நான்கு திசையிலும் ஐந்தைந்து முறை. முதல் இரண்டு வாரம் உங்கள் பலத்தில் கால்வாசி போதும். பிறகு அரைவாசி, அதன்பின் முக்கால்வாசி. மூச்சை அடக்கவேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகவே நடக்கும்.

இரண்டாம் பயிற்சி, தோள் உயர்த்துதல். ஒரு லிட்டர்ப் புட்டி இரண்டில் தண்ணீர் நிரப்புங்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. நின்றபடி கைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, இரு தோள்களையும் காதை நோக்கி மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். பத்து முறை.

மூன்றாம் பயிற்சி, ஒரு கை இழுப்பு. இடக்கையையும் இடமுழங்காலையும் ஒரு பெஞ்சில் ஊன்றிக்கொண்டு முதுகை நேராக வையுங்கள். தொங்குகிற வலக்கையில் புட்டி இருக்கட்டும். முழங்கையை விலாவை ஒட்டி மேலே இழுத்து, மெல்ல இறக்குங்கள். பத்து முறை. பிறகு கை மாற்றுங்கள்.

நான்காம் பயிற்சி, பக்கவாட்டில் கை உயர்த்துதல். பயிற்சி நாடாவோ பழைய சைக்கிள் டியூபோ எடுத்துக்கொண்டு, நடுவில் மிதித்து, இரு முனைகளையும் இரு கைகளில் பிடியுங்கள். முழங்கையைச் சற்றே மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். பத்து முறை. டென்மார்க்கில் செய்த 2 நிமிடப் பயிற்சி இந்த வகையைச் சேர்ந்ததுதான். டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அறுந்தால் கண்ணில் அடிக்கும். ரப்பர் பட்டால் தோல் தடிக்கிறவர்கள் தண்ணீர்ப் புட்டியையே பயன்படுத்தட்டும்.

இவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு சுற்று போதும். பிறகு இரண்டு சுற்று, அதன்பின் மூன்று. பத்து முறை தூக்கியது பழகிப் பதினைந்து முறை சுலபமாக வந்துவிட்டால், சுமையை அரைக் கிலோ கூட்டிவிட்டு மறுபடியும் பத்தில் தொடங்குங்கள். தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்பினால் அதே புட்டி ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. இப்படிக் கூட்டிக்கொண்டு போவதுதான் வலுப்பயிற்சியின் உயிர்நாடி. ஒரே புட்டியை ஒரு வருடம் தூக்கினால் கை அசையும், பலம் ஏறாது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தையே ஆறாம் வகுப்பு வரை படிக்க வைத்தால் பிள்ளை தேறுமா?

சுமை கூடுதலா, குறைவா என்று எப்படி அறிவது? வலிக்குப் புள்ளி போடுங்கள். வலியே இல்லை என்றால் பூச்சியம். தாங்கவே முடியாத வலிக்குப் பத்து. பயிற்சியின்போது வலி இரண்டு, மூன்று புள்ளிக்கு ஏறி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். பழகாத தசை வேலை செய்தால் சற்று நோகத்தான் செய்யும். ஐந்தைத் தாண்டினாலோ, மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தாலோ, சுமையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள். அடியோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. பழம் அதிகமாகக் கிடைக்கிற மாதங்களில் வேலை கடுமையாக இருக்கும். அப்போது ஒரு சுற்று மட்டும் செய்து பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இங்கே பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழைய நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தேதி, சுமை, எண்ணிக்கை, வலிப்புள்ளி. அப்பாவோ அம்மாவோ பயிற்சி செய்யும்போது பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணுங்கள். முதல் மாதத்தில் வலிப்புள்ளி அவ்வளவாக இறங்காது. அப்போதுதான் பலரும் "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். நோட்டைப் புரட்டினால், வலி இறங்காவிட்டாலும் சுமை ஏறியிருப்பது தெரியும். முதலில் பலம் வரும், பின்னால் வலி குறையும். பத்து, பன்னிரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கவேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் மக்கள் சொல்.

அடுத்து, முக்கியமான எச்சரிக்கை. எல்லாக் கழுத்து வலிக்கும் பயிற்சி பொருந்தாது. கீழே விழுந்தோ, மட்டையோ குலையோ மேலே விழுந்தோ வந்த வலி, கையில் மரத்துப்போதலும் பலம் குறைந்து பொருள் நழுவுதலும், நடையில் தள்ளாட்டம், சிறுநீரும் மலமும் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலோடு கூடிய வலி, காரணமில்லாமல் உடல் மெலிதல், இரவிலும் ஓயாத வலி, இவற்றில் எது இருந்தாலும் புட்டியைத் தொடாதீர்கள். உடனே மருத்துவரிடம் போகவேண்டும். மற்றவர்களும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவதே நல்லது. முன்பெல்லாம் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் ஐயா இருந்தார். இன்று பல தோட்டங்களில் அந்த வசதி இல்லை. ஆனால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். "பிசியோதெரபி பகுதிக்கு அனுப்ப முடியுமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. அங்கே பயிற்சியை நேரில் பார்த்துத் திருத்துவார்கள்.

வேலையால் வந்த வலி என்றால் சொக்சோவையும் மறந்துவிடாதீர்கள். சந்தா கட்டுகிற தொழிலாளிக்கு விபத்துக்கு மட்டுமின்றித் தொழிலால் வரும் நோய்க்கும் பாதுகாப்பு உண்டு. உடல்நலம் தேறி மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவுகிற திட்டமும் அங்கே உண்டு. மருத்துவச் சீட்டுகளையும் எம்.சி. தாள்களையும் பத்திரமாக ஒரே உறையில் வைத்திருங்கள். எழுதப்படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பாரத்தை நிரப்பிக் கொடுக்கலாம். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது, முதல் சில நாள்களுக்குக் குட்டை மரங்களையோ இலகுவான வேலையையோ தரும்படி மண்டோரிடம் கேட்டுப் பாருங்கள். பயிற்சியில் சுமையை மெல்லக் கூட்டுவதைப் போலத்தான் வேலையையும் மெல்லக் கூட்டவேண்டும்.

நேயர்களே, வலிக்கிற கழுத்தைக் கண்ணாடிப் பாத்திரம்போலப் பொத்திவைத்தால் அது மேலும் மெலிந்துபோகும். நாட்பட்ட கழுத்து வலிக்காரருக்கு வீட்டார் செய்யவேண்டிய உதவி, "நீ அசையாமல் இரு" என்று சொல்வதன்று. மருத்துவர் சரி என்று சொன்னபின், "வா, இன்றைக்குப் பத்து எண்ணலாம்" என்று புட்டியை எடுத்துக் கொடுப்பதுதான். தண்ணீர் நிரப்பிய இரண்டு புட்டி, ஒரு பழைய டியூப், ஒரு நோட்டு, வாரத்தில் மூன்று மாலை. இதற்குமேல் செலவு எதுவும் இல்லை. இந்த வாரமே தொடங்கிப் பாருங்கள்.